தூரம் ஒன்று, நேரம் இரண்டு

செங்கற்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். தாம்பரமும் பல்லாவரமும் கடந்ததும் திரிசூலம் நிலையம் வரும். வலப்புறம் குன்று, இடப்புறம் பெருஞ்சாலைக்கு அப்பால் விமான நிலையம். மீனம்பாக்கம் விமான நிலையம் என்று நாம் பழகிய பெயரால் சொல்கிறோம். சென்னை விமான நிலையம் என்று உலகம் சொல்கிறது. ஆயினும், 2019 ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமான பிறகு, அது நம் மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. எனவே அங்கிருந்து புறப்படும் விமானங்களைப் பற்றிச் சிந்திப்பது நம் வீட்டு வாயிலைப் பற்றிச் சிந்திப்பதே ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில், அந்தமானில் பணிபுரியும் என் மகளைக் காண்பதற்காக நான் மீனம்பாக்கத்திலிருந்து போர்ட் பிளேயருக்குச் சென்றேன். 2024 ஆம் ஆண்டில் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. கணித ஆசிரியனாக இருந்த பழக்கம் என்னை விடுமா? விமானம் தரையை விட்டு எழுந்த கணத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் மீண்டும் பார்த்தேன். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோதும் அவ்வாறே பார்த்தேன். ஒரு மணி நாற்பத்துமூன்று நிமிடம். அதே இரு ஊர்கள், அதே கடல், அதே வகை விமானம். ஆனால் பதினைந்து நிமிட வேறுபாடு!

இந்தப் பதினைந்து நிமிடம் எங்கே போயிற்று? இன்று நாம் ஆராயப்போவது இதுதான். முதலில் தூரத்தைப் பார்ப்போம். பிறகு நேரத்துக்கு வருவோம்.

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், எந்த வழியாக என்று திருப்பிக் கேட்க வேண்டும். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோட்டில் அளந்தால் 24 கிலோமீட்டர்தான். எஞ்சிய ஆறு கிலோமீட்டரும் ஏரிக்கரைகளையும் குன்றுகளையும் ஊர்களையும் சுற்றிக்கொண்டு போவதால் வந்தவை. விமானத்துக்கு ஏரியும் இல்லை, குன்றும் இல்லை. ஆகவே அது நேராகப் போகும் என்று நாம் நினைக்கிறோம்.

ஆனால் உருண்டையான பூமியின் மேல் 'நேர்' என்பது என்ன? ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றினிடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் படிந்து நிற்கும். அந்தப் பாதையை அப்படியே நீட்டினால் பழத்தைச் சரிபாதியாகப் பிளக்கும் ஒரு வட்டம் ஆகும். இதற்குப் பெருவட்டம் என்று பெயர். இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்று நூல்களில் காண்பதெல்லாம் இந்தப் பெருவட்டத் தூரமே.

அதை நாமே கணக்கிட முடியுமா? பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். மீனம்பாக்கம் ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சரேகையிலும், 80.18 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. போர்ட் பிளேயர் விமான நிலையம் 11.64 பாகை வடக்கு, 92.73 பாகை கிழக்கு. தீர்க்கரேகை வேறுபாடு 12.55 பாகை, அட்சரேகை வேறுபாடு ஏறத்தாழ 1.35 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே தென்வடலாக நாம் கடக்க வேண்டியது 1.35 பெருக்கல் 111, அதாவது 150 கிலோமீட்டர். கீழ்மேலாகக் கடக்கும்போது ஒன்றை மறக்கலாகாது: நடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருகின்றன. அதற்காக அட்சரேகையின் கோசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். நம் இரு ஊர்களுக்கும் நடுவான 12.3 பாகைக்கு அது 0.977. எனவே 12.55 பெருக்கல் 111 பெருக்கல் 0.977, விடை 1,361 கிலோமீட்டர். இனி செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரியும். கர்ணத்தைக் காண வேண்டியதுதான். 150-இன் வர்க்கத்தையும் 1,361-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 1,369 வரும். கோள முக்கோணவியலால் நுட்பமாகக் கணக்கிட்டால் கிடைப்பது 1,371. இரண்டு கிலோமீட்டர் பிழை மட்டுமே! விமானிகளின் வழக்கில் இதனை 740 கடல் மைல் என்பர். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் ஒரு கலையின் நீளத்தையொட்டிப் பிறந்ததே கடல் மைல். இன்று அது 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது.

ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அதை அளந்தவர்கள் பட்ட பாட்டை அறிய வேண்டுமானால் விமான நிலையத்துக்குச் சற்று வடக்கே நிற்கும் பரங்கிமலையைப் பாருங்கள். 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி அங்கே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை, ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றே கருவி. வெயிலில் எஃகு நீளும் அன்றோ? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அருகே வெப்பமானிகளை வைத்து, நீட்சிக்குத் தக்கபடி அளவைத் திருத்தினார்கள். அந்தச் சிறிய கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அதன் மேல் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போன பணிதான் இமயம் வரை சென்ற மாபெரும் முக்கோண நிலவளவை. ஒரு பாகையின் நீளத்தைக் காண்பதும், பூமியின் வடிவை அறிவதும் லாம்டனின் நோக்கங்களாக இருந்தன. இன்று அந்த மலையைக் கடந்து விமானம் பறக்க ஒரு சில நொடிகள் போதும். அவர்களோ அடி அடியாக அளந்தார்கள். ஏப்ரல் 10 ஆம் நாளை நம் நாட்டில் நில அளவை நாளாகக் கொண்டாடுவதும் இதனால்தான்.

தூரம் இவ்வாறு முடிந்தது. 1,371 கிலோமீட்டர். இது மண்ணுக்கும் கடலுக்கும் உரிய அளவு. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் மாறாதது. நேரமோ பயணத்துக்கு உரியது. இனி அதைப் பார்ப்போம்.

இன்று இவ்வழியில் பறக்கும் விமானங்கள் உச்ச உயரத்தை அடைந்த பின் காற்றினூடே மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. 1,371-ஐ 830-ஆல் வகுத்தால் 99 நிமிடம். ஆனால் பயணச்சீட்டைப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டியிருக்கும். ஏமாற்றுகிறார்களோ என்று எண்ண வேண்டாம். சீட்டில் உள்ள நேரம் விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, சென்றடைந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ளது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரம், முன்னே நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருக்கும் நேரம் ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். மேலும் விமானம் எதிர்க்காற்றை நோக்கி எழவும் இறங்கவும் விரும்பும். எனவே கிழக்கே போக வேண்டிய விமானம் சிலபோது மேற்கு நோக்கி எழுந்து, பிறகு திரும்ப வேண்டியிருக்கும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அதன் வேகம் குறைவு. வானத்திலும் சாலைகள் உண்டு. கட்டுப்பாட்டு நிலையத்தார் சொல்லும் வழியிலேயே செல்ல வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து அந்த 99 நிமிடத்தை நீட்டிவிடுகின்றன.

கடிகாரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கடிகாரம் காட்டும் நேரம் வேறு. கழிந்த நேரம் வேறு. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. 12.55 பாகைக்கு ஐம்பது நிமிடம். ஆகவே போர்ட் பிளேயரில் சூரியன் நமக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே நாட்டு நேரத்தைப் பின்பற்றுவதால் கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை. சிங்கப்பூர் அவ்வாறன்று. அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. இரவு 10 மணிக்கு மீனம்பாக்கத்தில் புறப்பட்டு, விடியற்காலை 4.45-க்குச் சிங்கப்பூரில் இறங்குபவர் ஆறே முக்கால் மணி நேரம் பறந்தவர் அல்லர். நாலேகால் மணி நேரமே பயணம் செய்தவர். லாம்டன் சங்கிலி இழுத்த அதே 1802 ஆம் ஆண்டில்தான், சென்னை வான்காட்சி நிலையத்தின் வானியலாளர் கோல்டிங்ஹாம் இவ்விடத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு 'மதராஸ் நேரம்' என்ற ஒன்றை வகுத்தார். அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் நின்றது. 80 பாகையும் சொச்சத்தையும் நான்கால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு ஒத்துவரும்.

இவ்வளவு சொல்லியும் என்னுடைய பதினைந்து நிமிடம் இன்னும் கிடைக்கவில்லை. ஏறுவதும் இறங்குவதும் போகும்போதும் உண்டு, வரும்போதும் உண்டு. அப்படியானால் வேறுபாடு எதனால் வந்தது?

இதற்கு விடை சொல்லுமுன் ஒரு பழைய விடைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980-களின் இறுதியில் நான் மாமல்லபுரத்தை அடுத்த ஒரு பள்ளியில் கணித ஆசிரியனாக இருந்தேன். அரையாண்டுத் தேர்வில் இப்படி ஒரு கணக்குக் கொடுத்தேன்: 'கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் வலை விரித்திருக்கிறார்கள். ஒரு படகு மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அது போய்வர எவ்வளவு நேரம் ஆகும்?' போக ஒரு மணி, வர ஒரு மணி, ஆக இரண்டு மணி என்பது நான் எதிர்பார்த்த விடை. கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த ஒரு மாணவன் கணக்கைப் போடவில்லை. விடை எழுத வேண்டிய இடத்தில், 'காற்று எந்தப் பக்கம் என்று கேள்வியில் இல்லை' என்று எழுதியிருந்தான். நான் அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தக் கணக்குக்கு அவனுக்குச் சுழியம் போட்டேன்.

அவன் கேட்டது சரியா என்று இப்போது போட்டுப் பார்ப்போம். காற்று மணிக்கு 2 கிலோமீட்டர் அளவுக்குப் படகைத் தள்ளுகிறது என்று கொள்வோம். காற்றோடு போகும்போது வேகம் 8. ஆறு கிலோமீட்டருக்கு 45 நிமிடம். காற்றை எதிர்த்து வரும்போது வேகம் 4; அதே ஆறு கிலோமீட்டருக்கு 90 நிமிடம். ஆக மொத்தம் இரண்டேகால் மணி. ஒரு பக்கம் காற்று உதவுகிறது, மறு பக்கம் தடுக்கிறது, ஆகவே இரண்டும் கழிந்துவிடும் என்று நாம் நினைப்பது தவறு. ஏனெனில் தடுக்கும் காற்றோடு நாம் அதிக நேரம் போராடுகிறோம். உதவும் காற்றோடு குறைந்த நேரமே இருக்கிறோம். பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய தந்தையோடு கடலுக்குப் போய் வந்த சிறுவனுக்கு இது கையறிவு. நூல் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

படகுக்கு உள்ள நியதியே விமானத்துக்கும். விமானத்தின் 830 என்ற வேகம் காற்றின் ஊடே அது செல்லும் வேகம். தரையைக் கடக்கும் வேகம் அன்று. காற்றே நகருமானால் அதைக் கூட்ட வேண்டும். அல்லது கழிக்க வேண்டும். எதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வீசுவதாகக் கொள்ளுங்கள். தரைவேகம் 770 ஆகிறது. 1,371 கிலோமீட்டரைக் கடக்க 107 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ள, தரைவேகம் 890. நேரம் 92 நிமிடம். வேறுபாடு பதினைந்து நிமிடம்! நான் தேடிய பதினைந்து நிமிடம் இங்கே அகப்பட்டது.

ஆனால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஜூலை மாதம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மாமல்லபுரத்துக் கடற்கரையில் அம்மாதம் விடியற்காலையில் நின்று பாருங்கள். பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் நோக்கியே காற்று வீசும். கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், மேற்கிலிருந்து வருவதைக் கோடை, தெற்கிலிருந்து வருவதைத் தென்றல், வடக்கிலிருந்து வருவதை வாடை என்று நம் முன்னோர் பெயரிட்டனர் அல்லவா? ஜூலையில் வீசுவது கோடைக்காற்று. அது கிழக்கே போகும் விமானத்தைப் பின்னிருந்து தள்ள வேண்டும். போகும் பயணமே விரைவாக முடிந்திருக்க வேண்டும். எனக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. ஏன்?

கரையில் வீசும் காற்று வேறு. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று வேறு என்பதே விடை. கோடை மாதங்களில் திபெத்துப் பீடபூமியும் அதைச் சூழ்ந்த நிலமும் மிகுதியாக வெப்பமடைகின்றன. அவற்றின் மேல், வானத்தின் உயர்ந்த அடுக்கில், ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் உருவாகிறது. காற்று அதனைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. அந்தச் சுழலின் தென்விளிம்பு தென்னிந்தியாவின் மேல் அமைகிறது. அங்கே காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் அது பெருவேகம் கொண்ட ஓர் ஆறு போல ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று அதற்குப் பெயர். அதன் நடுவோட்டம் ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அமைகிறது என்பது நமக்குச் சுவையான செய்தி. இதை உலகுக்கு விளக்கிக் காட்டியவர் பி. கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1958 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னாளில் அவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். நம் விமானங்கள் பறப்பது அந்த ஆற்றுக்குச் சற்றுக் கீழே, 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஆயினும் அதன் இழுப்பு அங்கேயும் உண்டு. ஆகவே ஜூலையில் கீழே படகோட்டி கோடையைக் காண்கிறான். அதே கணத்தில், அவன் தலைக்கு மேலே விமானி கொண்டலைச் சந்திக்கிறான். பருவம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

தூரம் மிகுந்தால் நேரம் மிகும் என்பதும் எப்போதும் உண்மையன்று. தில்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்லும் ஏர் இந்தியா விமானம் முன்பு அட்லாண்டிக் கடல் வழியாகப் பறந்து வந்தது. 2016 ஆம் ஆண்டு அக்டோபரில் அது பசிபிக் கடல் வழியாகப் பறக்கத் தொடங்கியது. பசிபிக் வழி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது! நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் மேலைத் தாரைக்காற்று முதல் வழியில் எதிர்த்தது. இரண்டாவது வழியில் தூக்கிக்கொண்டு போயிற்று. 'சுற்று வழியே ஆனாலும் காற்று வழியே போ' என்று ஒரு படகோட்டி சொல்லியிருப்பான்.

பதினைந்து நிமிடம் முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன, இதற்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பயணிக்கு அது சிறு செய்தி. எரிபொருளைக் கணக்கிடுபவருக்கு அது உயிர்ச் செய்தி.

விமானம் தூரத்துக்கு ஏற்றபடி எரிபொருள் செலவழிப்பதில்லை. பறக்கும் நேரத்துக்கு ஏற்றபடியே செலவழிக்கிறது. ஆகவே புறப்படுமுன் அன்றைய மேற்காற்றின் அளவைப் பெற்று நேரத்தைக் கணிக்க வேண்டும். வானிலைத் துறையினர் நாள்தோறும் பலூன்களை ஏற்றி அந்தக் காற்றை அளப்பது இதற்கும் உதவுகிறது. போய்ச் சேர வேண்டிய அளவுக்கு எரிபொருள். எதிர்பாராத செலவுக்குச் சிறிது. அங்கே இறங்க முடியாவிட்டால் வேறொரு விமான நிலையத்துக்குப் போக வேண்டிய அளவு. இவற்றுக்கும் மேலாக, வானில் வட்டமிட்டுக் காத்திருக்க இன்னும் முப்பது நிமிடத்துக்கு வேண்டியது. தாரை விமானங்களுக்கு உலக விதி இது. சென்னையில் இறங்க முடியாத விமானம் பெங்களூருக்குத் திரும்பலாம், அருகில்தான். போர்ட் பிளேயரில் என்ன செய்வது? அது நடுக்கடலில் உள்ள தீவு. கடற்படைத் தளத்தோடு சேர்ந்த ஓடுபாதை ஒன்றே உண்டு. இந்தியப் பெருநிலத்தின் விமான நிலையங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. மழையும் மேகமும் ஓடுபாதையை மறைத்ததால், தீவு வரை சென்றும் இறங்காமல் சென்னைக்கே திரும்பிய விமானங்கள் உண்டு. அதில் இருந்த பயணிகள் சலித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் திரும்பி வர எரிபொருள் இருந்ததே, அதற்குக் காரணமானவர் ஒருவர் காலையில் உட்கார்ந்து போட்ட கணக்குதான்.

அந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? 1983 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் கனடாவில் நேர்ந்ததைக் கேளுங்கள். மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டன் நோக்கிப் பறந்த ஒரு பெரிய விமானம் நடுவானில் எரிபொருள் முழுவதும் தீர்ந்து இயந்திரங்கள் நின்றுபோயிற்று. அந்நாடு பழைய அளவைகளிலிருந்து மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற வேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே ஏறியிருந்தது. விமானியின் திறமையால் அது பருந்துபோல் மிதந்து இறங்கி, கிம்லி என்ற ஊரின் பழைய படைத்தளத்தில் நின்றது. ஓர் உயிரும் போகவில்லை. அலகு எழுதாத விடைக்கு உங்கள் ஆசிரியர் மதிப்பெண் குறைத்தால் வருந்தாதீர்கள். அவர் நல்லதே செய்கிறார்.

என் செய்தியை முடிக்கும் முன் அந்த விடைத்தாளுக்குத் திரும்புகிறேன். அடுத்த ஆண்டு அந்தச் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை. கடற்கரைச் சிறுவர்கள் அந்நாளில் பல காரணங்களால் படிப்பை நிறுத்தியதுண்டு. நான் போட்ட சுழியமும், வகுப்பு சிரித்த சிரிப்பும் அவற்றுள் ஒன்று என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அன்று என்று சொல்லவும் சான்று இல்லை. போர்ட் பிளேயரிலிருந்து திரும்பிய அந்நாளில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விமானத்தில் இருந்தபோது, பதினைந்து நிமிடத்துக்கு விடை தேடிய என் மனத்தில் முதலில் வந்து நின்றது அவன் எழுதிய அந்த ஒரு வரிதான். அவன் விடை தெரியாமல் எழுதவில்லை. கேள்வியில் குறை இருப்பதைக் கண்டு எழுதினான். முழு மதிப்பெண் பெற வேண்டியவன் அவனே.

ஆகவே மாணவ நண்பர்களே, இரு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று யாரேனும் கேட்டால், தேசப்படத்தை எடுத்து அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பார்த்து நீங்களே கணக்கிடுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து கொழும்புக்கும், யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும், மதுரைக்கும் இன்று காட்டிய முறையிலேயே போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாலோ, உடனே விடை சொல்லிவிடாதீர்கள். காற்று எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்காத ஓர் ஆசிரியனுக்கு அதன் விடை கிடைக்க முப்பது ஆண்டு ஆயிற்று.